நம்மை ஆளும் அரசு எது?

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலிருந்து கோட்டைக்கொச்சிக் கடற்கரை வரை நடந்து செல்ல அரைமணி நேரம் போதும். முக்கால் நூற்றாண்டுக்கு முன் அந்த அரைமணி நேரத்துக்குள்ளே ஒருவர் இரண்டு அரசுகளின் எல்லையைக் கடந்துவிடுவார். மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கோட்டைக்கொச்சியோ 1795-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய ஊர். சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவுக்கு உட்பட்டது. அதற்கு 1866-இல் ஒரு நகரசபை. மட்டாஞ்சேரிக்கு 1896-இல் மகாராஜா அளித்த வேறொரு நகரசபை. காயலின் நடுவே, ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் மேற்பார்வையில் ஆழம் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய வில்லிங்டன் தீவிலே துறைமுகத்தின் ஆட்சி.

1949-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒரே ராஜ்யமாயின. ஆனால் கோட்டைக்கொச்சி அப்போதும் சென்னையோடுதான் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்த பிறகே இவ்விரண்டு ஊர்களும் ஒரே ராஜ்யத்துக்குள் வந்தன. அதுவரை கோட்டைக்கொச்சியிலே குடியிருந்த தமிழர் சென்னை அரசாங்கத்தின் ஆட்சிக்கு உட்பட்டவர். அவர் பெண் கொடுத்த மட்டாஞ்சேரி வீடு வேறு ராஜ்யம். 1967 நவம்பர் முதல் நாள் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக்கொச்சி நகரசபைகளும் வில்லிங்டன் தீவும் அண்டைப் பஞ்சாயத்துகள் சிலவும் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆயிற்று.

எல்லைகள் அழிந்தன என்பது உண்மை. ஆயினும் இன்று நம்மை ஆள்வது ஒரே அரசு என்று எண்ணுவோர் ஏமாறுவர். அன்று பக்கத்தில் பக்கத்தில் இருந்த அரசுகள் இன்று மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் பல கைகள் உள்ளன. நம் குடும்பங்களிலே மனு எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கிலே காத்திருப்போர் பலர். அவர்கள் கேட்டது நியாயமாகவே இருக்கும். கேட்ட இடந்தான் தவறாக இருக்கும். பிழைக்க வந்த ஊரிலே உறவும் சிபாரிசும் குறைவாக உள்ள நமக்கு, எந்தக் கதவு யாருடையது என்னும் அறிவு பெரிய துணை.

அடுக்குகளைக் காண்பதற்கு யூதத் தெருவருகே ஒரு கிடங்கிலே கிடக்கும் மிளகு மூட்டையைப் பார்த்தால் போதும். கிடங்கின் கட்டிட வரியை வாங்குவது மாநகராட்சி. கடை நடத்த உரிமம் தருவதும் அதுவே. கிடங்கு நிற்கும் மனைக்கு நிலவரி வாங்குவது மாநில அரசின் வருவாய்த் துறை. மூட்டையைத் தோளில் ஏற்றும் தொழிலாளியின் கூலி, நலநிதி ஆகியவற்றைக் காப்பது 1978-ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம், அதுவும் மாநிலத்தது. மூட்டை இவ்வூரிலேயே விலைபோனால், 2017 ஜூலை முதல் நடப்பிலுள்ள சரக்கு சேவை வரியிலே பாதி மாநிலத்துக்கு, பாதி மத்திய அரசுக்கு. வருங்கால விலை பேசி வாங்கும் முன்பேர வணிகத்தை மிளகிலே மட்டாஞ்சேரியில் 1957-இல் தொடங்கினார்கள். அந்தச் சந்தையின்மேல் கண்காணிப்பு தில்லியுடையது. முன்பேர வணிகத்துக்கென்றே இருந்த ஆணையம் 2015-இல் 'செபி' என்னும் அமைப்போடு இணைந்துவிட்டது. மிளகு கப்பலேறினால் சுங்கம் மத்திய அரசு, துறைமுகம் மத்திய அரசு, கொச்சியிலேயே தலைமையகம் கொண்ட நறுமணப்பொருள் வாரியமும் மத்திய அரசு. நள்ளிரவிலே மூட்டை களவு போனாலோ, ஓட வேண்டியது போலீஸ் நிலையத்துக்கு, போலீஸ் மாநிலத்தது.

இந்தப் பங்கீடு யாருடைய விருப்பத்தின்படியும் அமைந்ததன்று. 1950 ஜனவரி 26 முதல் நடப்பிலுள்ள அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலே மூன்று பட்டியல்கள் உள்ளன. முதலில் வகுத்தபடி மத்தியப் பட்டியலில் 97 பொருள்கள், மாநிலப் பட்டியலில் 66, இருவர்க்கும் பொதுவான பட்டியலில் 47. பாதுகாப்பு, ரயில், தபால், நாணயம், பெருந்துறைமுகம் ஆகியவை மத்திய அரசுக்கு. போலீஸ், நிலம், பொதுச் சுகாதாரம் ஆகியவை மாநிலத்துக்கு. கல்வி முதலில் மாநிலத்திடம் இருந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. தமிழ்நாட்டிலே இன்றும் ஆறாத வழக்கு அது.

மூன்றாம் அடுக்கான நகராட்சிக்கு நெடுநாள் அரசியலமைப்பிலே உறுதியான இடம் இல்லை. மாநில அரசு நினைத்தால் சபையைக் கலைத்துவிட்டு ஓர் அதிகாரியை அமர்த்தலாம் என்பதே நிலை. 1992-இல் நிறைவேறி 1993-இல் நடப்புக்கு வந்த 74-ஆவது திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. நகராட்சிக்கு ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களை அட்டவணையிட்டது. கேரளம் 1994-இல் அதற்கேற்பச் சட்டம் செய்தது. ஆகவே குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றுக்கு அமைச்சர் வரை போக வேண்டியதில்லை. வார்டு கவுன்சிலர் போதும். இவ்வடுக்குகளுக்கு இடையிலே தனி ஆணையங்களும் உள்ளன. வேலியிலே நம் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுக்கும் தோபிகானாவைக் கட்டியது மாநகராட்சி அன்று. மாநிலச் சட்டத்தின்படி அமைந்த பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம்.

இனிக் கைகள். ஒன்று சட்டம் செய்யும். ஒன்று அதை நடத்தும். ஒன்று அதன்படி வழக்குத் தீர்க்கும்.

சட்டம் செய்வது தில்லியிலே பாராளுமன்றம். மக்களவையிலே மக்கள் தேர்ந்தெடுப்போர் 543 பேர். அவருள் கேரளத்தார் 20, தமிழ்நாட்டார் 39. மாநிலங்களவையிலே 245 இடங்கள். பன்னிருவர் நியமனம் பெறுவோர், ஏனையோர் மாநிலங்களின் சார்பிலே வருவோர். திருவனந்தபுரத்துச் சட்டமன்றத்திலே 140 பேர். மட்டாஞ்சேரி என்னும் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி நெடுங்காலம் இருந்தது. 2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையிலே அது மறைந்து, நம் பகுதி கொச்சித் தொகுதியாயிற்று. மக்களவைக்கு நாம் எர்ணாகுளம் தொகுதி.

நடத்துவது அமைச்சரவையும் அதன்கீழ் உள்ள அலுவலர் படையும். அமெரிக்காவிலே ஜனாதிபதி தனியே தேர்தல் பெற்று வருகிறார். அவருடைய மந்திரிகள் சபையிலே உறுப்பினராக இருத்தல் கூடாது. இங்கோ அமைச்சர் சபையிலே உறுப்பினராக இருந்தே தீரவேண்டும். வெளியாள் ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். சபை நம்பிக்கை இழந்தால் அமைச்சரவை விழும். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். காக்கநாட்டுக் கலெக்டர் அலுவலகமும் கோட்டைக்கொச்சியிலுள்ள தாலுக்கா அலுவலகமும் அப்படியே இருக்கும். நமக்கு வேண்டிய சான்றிதழ்களில் பெரும்பாலானவை அந்த நிலையான படையிடமிருந்தே கிடைப்பவை.

தீர்ப்பளிக்கும் கை நமக்கு மிக அருகே இருக்கிறது. சட்டமன்றம் இருநூறு கிலோமீட்டர் தொலைவு. பாராளுமன்றமோ இரண்டு நாள் ரயில் பயணம். உயர் நீதிமன்றத்துக்கு மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து காயலைக் கடந்தால் போதும். அரசின் எந்த அலுவலகமாயினும் ஒருவருடைய அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்படி அங்கே நேரே முறையிடலாம். வழக்காடப் பொருள் இல்லையே என்று பெண்கள் அஞ்ச வேண்டா; 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டப்பணிக் குழுக்கள் பெண்களுக்கு வருமானத்தைக் கேளாமலே வழக்கறிஞரை அமர்த்தித் தரக் கடமைப்பட்டவை.

இம்மூன்று கைகளும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து நிறுத்துகின்றன என்பதற்குக் கேரளத்தைப் போல நல்ல பாடம் தந்த மாநிலம் அரிது. 1957 ஏப்ரலில் இ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த முதல் அமைச்சரவையிலே கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி. அரசின் உதவித்தொகை பெறும் தனியார் பள்ளிகளிலே ஆசிரியர் நியமனம், சம்பளம், நிர்வாகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த அவர் ஒரு கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். சட்டமன்றம் செப்டம்பரில் அதை நிறைவேற்றியது. அதோடு முடிந்ததென்று நினைப்போம், முடியவில்லை. கவர்னர் ராமகிருஷ்ண ராவ் கையெழுத்திடாமல் அதை ஜனாதிபதிக்கு அனுப்பினார். ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத்தும் கையெழுத்திடவில்லை. 143-ஆவது பிரிவின்படி சுப்ரீம் கோர்ட்டின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22-இல் பிரதம நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு கருத்துக் கூறியது: சில ஷரத்துகள் சிறுபான்மையினரின் பள்ளி நடத்தும் உரிமைக்கு முரணானவை. மசோதா திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. சட்டமன்றம் திருத்தி மறுபடி நிறைவேற்றியது. 1959 பிப்ரவரியில் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது.

அந்த உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 30-ஆவது பிரிவிலே. அது மதச் சிறுபான்மையினரை மட்டும் குறிப்பதன்று. மொழிச் சிறுபான்மையினரும் அதிலே சொல்லால் சேர்க்கப்பட்டிருக்கின்றனர். யார் சிறுபான்மை என்பதை மாநிலத்தை அளவாகக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று 2002-இல் பதினோரு நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்புரைத்தது. எனவே சென்னையிலே பெரும்பான்மையாகிய தமிழர் கொச்சியிலே சிறுபான்மையர். இங்கே பள்ளி அமைத்து நடத்தும் உரிமை உடையவர். 1957-இல் வேறு பிறர்க்காக நடந்த அந்தப் போராட்டத்தின் கனி நம் கைக்கும் வந்திருக்கிறது. அதை நாம் பெரிதாகப் பயன்படுத்தினோமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கல்விச் சட்டத்தை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. 1959 ஜூலை 31-இல் 356-ஆவது பிரிவைக் கொண்டு மத்திய அரசு அமைச்சரவையை நீக்கியது, சட்டமன்றமும் கலைந்தது. அன்று நீதிமன்றம் இதிலே தலையிடும் வழக்கம் இல்லை. 1994-ஆம் ஆண்டுப் பொம்மை வழக்கிலேதான் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிற்று: கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம், பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சோதிக்க வேண்டிய இடம் சபையே, கவர்னர் மாளிகை அன்று. மசோதாவைக் கவர்னர் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்னும் வினாவோ இன்னும் பின்னால் வந்தது. தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் பற்றி 2025 ஏப்ரலில் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அதன்மேல் ஜனாதிபதி, கேரளக் கல்வி மசோதாவுக்காகத் திறந்த அதே 143-ஆவது பிரிவின் வழியே கருத்துக் கேட்டார். நவம்பர் 20-இல் ஐவர் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என்றும், கவர்னர் ஒரு மசோதாவை முடிவின்றிக் கிடப்பிலே போடுவதும் ஆகாது என்றும் கூறிற்று. இரண்டையும் ஒரே மூச்சிலே கூறினால் சாமானியர் என்ன செய்வது என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

நம் ஜில்லாவிலேயே நடந்த இன்னொரு வழக்கு இதைவிடச் சுவையானது. வாக்களிக்கும் இயந்திரம் இந்தியாவிலே முதன்முதலாக ஒரு தேர்தலில் வைக்கப்பட்டது எர்ணாகுளம் ஜில்லாப் பரவூர்த் தொகுதியில், 1982 மே மாதம். மொத்தம் 84 வாக்குச்சாவடிகளுள் 50-இல் இயந்திரம். மற்றவற்றில் வழக்கமான சீட்டு. சிவன் பிள்ளை 123 வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். எதிர்த்து நின்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். இயந்திரம் பழுது என்பது அன்று நீதிமன்றத்தின் முன் இருந்த முக்கிய வினா. இயந்திரத்தை வைக்கத் தேர்தல் கமிஷனுக்கு அதிகாரம் உண்டா என்பதே அது. பாராளுமன்றம் செய்த சட்டமும் அதன்கீழ் அமைந்த விதிகளும் வாக்குச்சீட்டைத்தான் சொல்கின்றன. சட்டம் ஒரு முறையைச் சொல்லியிருக்கும்போது கமிஷன் தன் ஆணையாலே வேறு முறையைக் கொண்டுவர முடியாது என்று 1984 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப் பதிவு நடந்தது. முடிவு மாறி ஜோஸ் வென்றார். பிறகு 1988 டிசம்பரில் பாராளுமன்றமே சட்டத்தைத் திருத்தி இயந்திரத்துக்கு இடம் தந்தது. கமிஷன் எண்ணியது நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் சட்டம் செய்யும் கை செய்ய வேண்டியதை வேறு கை செய்தால் நிலைக்காது.

இவற்றால் நம் வீட்டுக்கு வருவதென்ன? முதலில் வாக்கு. ஒருவர் ஒரு தொகுதியிலேதான் பெயர் பதிய முடியும். அதுவும் அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலே. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதை ஐயமறக் கூறுகிறது. பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. நம்மிலே பலர் இருபது ஆண்டு இங்கே குடியிருந்தும் வாக்கைத் தென்காசியிலோ நாகர்கோவிலிலோ வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பாசம் நல்லதே. ஆனால் இங்கே குழாயிலே தண்ணீர் வராதபோது கேட்கப் போனால், கவுன்சிலர் முதலில் பார்ப்பது தம் வார்டுப் பட்டியலை. இடம் மாற்ற எட்டாம் எண் படிவம். புதிதாகச் சேர ஆறாம் எண் படிவம். இன்னொன்றையும் மறவாதீர்கள். மாநகராட்சித் தேர்தலுக்குரிய பட்டியலைத் தயாரிப்பது மாநிலத் தேர்தல் கமிஷன். சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் உரிய பட்டியல் இந்தியத் தேர்தல் கமிஷனுடையது. ஒன்றிலே பெயர் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று வாளாவிருந்தவர் பலர் தேர்தல் நாளன்று வாசலிலிருந்து திரும்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். நம் பிள்ளைகள் கண்ணீர் விடும் இடம் இது. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் 341-ஆவது பிரிவின்படி மாநிலம் மாநிலமாக ஜனாதிபதியின் ஆணையால் அமைந்தது. முதல் ஆணை 1950-இல் வந்தது. அதிலே ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ பாராளுமன்றத்தால் மட்டுமே இயலும். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவர், முன்னிடத்துப் பட்டியலைக் காட்டிப் புதிய மாநிலத்தின் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990-இல் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது; 2018-இல் மற்றோர் ஐவர் அமர்வும் அதையே உறுதி செய்தது. மத்திய அரசின் அகில இந்திய வேலைகளுக்கு இத்தடை இல்லை. தீர்ப்பு கடுமையானது என்றே நாம் கருதுகிறோம். சாதியின் இழிவு மாத்திரம் எல்லைச் சாவடியிலே நிற்காமல் கூடவே வருகிறது. ஆனால் இதற்காகத் தாசில்தாரைத் திட்டுவதிலே பயனில்லை. குடும்பம் 1950-க்கு முன்பே இங்கே இருந்ததென்றால், பாட்டன் காலத்துப் பத்திரம், பள்ளிப் பதிவு, நகரசபை ரசீது எதுவாயினும் தேடி எடுத்துக்கொண்டு அவரிடம் போக வேண்டும். பிற்காலத்தில் வந்தவரோ தம் பாராளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும்.

மூன்றாவது, மொழி. மத்திய அரசின் எந்த அலுவலருக்கும், மாநில அரசின் எந்த அலுவலருக்கும், அங்கே வழங்கும் எந்த மொழியிலும் குறை தெரிவித்து மனுச் செய்யலாம் என்கிறது 350-ஆவது பிரிவு. 1956-ஆம் ஆண்டின் திருத்தம் தொடக்கப் பள்ளியிலே தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது. மொழிச் சிறுபான்மையினர்க்கென ஒரு தனி ஆணையர் பதவியையும் படைத்தது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமோ ஒருபடி மேலே சென்றது. தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும் என்று அது விதித்தது. உள்ளூர் அலுவலகங்களுக்கு அந்த விதி, சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களிலே மட்டும். 2015-இல் சட்டமன்றம் மலையாள மொழிக்கென வேறொரு மசோதாவை நிறைவேற்றியது. அது ஜனாதிபதியின் ஒப்புதலுக்குப் போய்ப் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. பின்னரும் சட்டமன்றம் இப்பொருளைக் கையில் எடுத்திருக்கிறது. ஆகவே எழுதுமுன் நடப்பு விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

மனுவைத் தமிழிலே எழுதுங்கள். ஒரு படியை வீட்டிலே வையுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உறையின்மேல் முகவரியை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிவிடுங்கள். தபால்காரர் மத்திய அரசின் ஊழியர். கேரளத்துச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது.